படைக்கு வரும் மருத்துவர் படையில் ஏன் தங்குவதில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உலகின் பல படைகள் மருத்துவர்களைச் சேர்ப்பதற்குப் பெருந்தொகை செலவிடுகின்றன. ஆனால் அப்படிச் சேர்ந்தவர்கள் நிபுணராகித் தேர்ச்சி பெற்ற வயதில் வெளியேறுவதைத் தடுக்க முடியாமல் திணறுகின்றன என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படை மருத்துவராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், இதில் என் விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கும்.

எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். படைத்துறை நடத்தும் மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். படிப்புச் செலவைப் படையே ஏற்றுக்கொண்டாலும், பிறகு பல ஆண்டுகள் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும் என்கிறார்கள். பெற்ற பெண்ணை அடகு வைப்பது போல மனம் பதறுகிறது. – ஒரு தாய்

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. என் தாயும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார். ஆனால் அடகு என்பது ஒரு தரப்பு தவித்து நிற்கும்போது நடப்பது. இங்கே இரண்டு தரப்பும் கணக்குப் பார்த்தே கையெழுத்திடுகின்றன. ஒரு மருத்துவரை உருவாக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவை. அந்தச் செலவை ஏற்கும் படை, அதற்கு ஈடாக அவருடைய உழைப்பில் சில ஆண்டுகளைக் கேட்கிறது. அது நியாயமா என்பதைவிட, அந்த ஆண்டுகளை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையே நீங்கள் முதலில் கேட்க வேண்டும்.

ஓர் ஒப்பீட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெதஸ்டாவில் முப்படைகளுக்கான மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அங்கே மாணவருக்குக் கட்டணம் கிடையாது. சேர்ந்த நாளிலிருந்தே அதிகாரிக்குரிய சம்பளமும் உண்டு. அதற்குப் பதிலாக 7 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். ஜெர்மனியிலோ படைச் செலவில் மருத்துவம் படிக்கும் மாணவர் 17 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். ஏழெங்கே, பதினேழெங்கே என்று தோன்றும். ஆனால் ஜெர்மனியின் பதினேழில் படிக்கும் ஆண்டுகளும் அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் ஏழிலோ படிப்பும் சேராது, அதன் பின்னர் பெறும் நிபுணத்துவப் பயிற்சியும் சேராது. அங்கே ஒருவர் நான்காண்டு மருத்துவம் படித்து, ஐந்தாண்டு அறுவை சிகிச்சைப் பயிற்சியும் முடித்து, அதன் பிறகே ஏழாண்டுக் கடமையைத் தொடங்குகிறார் என்றால் மொத்தம் 16 ஆண்டுகள் ஆகின்றன. காகிதத்தில் இருக்கும் எண் மட்டும் உண்மையைச் சொல்லிவிடாது.

ஜப்பானில் தொகொரொசாவாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் 9 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். இடையில் விலகினால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்தியாவில் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948-இல் நிறுவப்பட்டது. இளநிலைப் படிப்பு 1962-இல் தொடங்கியது. அங்கும் பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்தே சேர வேண்டும். விலகும்போது கட்ட வேண்டிய தொகை, முதுநிலைப் படிப்புக்கு எப்போது அனுப்புவார்கள், அந்தப் படிப்புக்காகக் கடமை ஆண்டுகள் மேலும் கூடுமா ஆகிய விவரங்களை மகளோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். பதினெட்டு வயதில் போடும் கையெழுத்து முப்பத்தைந்து வயது வரை கூட வருகிறது. அவ்வளவையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகும் அவள் போகிறேன் என்றால், தயங்காமல் அனுப்பி வையுங்கள்.

மருத்துவர்கள் தாமாக வரவில்லை என்றால் சட்டம் போட்டுக் கட்டாயமாக அழைத்துக்கொள்ளலாமே? உதவித்தொகை, ஊக்கத்தொகை என்று ஏன் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும்? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். கொரியப் போர் வெடித்த 1950-இல், மருத்துவர்களை மட்டும் குறிவைத்துக் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் ஒன்றை அமெரிக்கா கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசுச் செலவில் படித்துவிட்டுப் படைப்பணி செய்யாமல் இருந்தவர்களே முதல் வரிசையில் அழைக்கப்பட்டார்கள். பாதிப் பயிற்சியில் இருந்தவர்களைப் பிடுங்கிச் சென்றதால் மருத்துவமனைகளும் தடுமாறின. முழுப் பயிற்சி பெறாத மருத்துவர்களைப் பெற்ற படையும் தடுமாறியது. 1954-இல் பாதுகாப்புத் துறையில் மருத்துவப் பொறுப்பிலிருந்த ஃபிராங்க் பெரி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு வழி கண்டார். மருத்துவர் தம் நிபுணத்துவப் பயிற்சியை முடிக்கும்வரை அழைப்பைத் தள்ளிவைக்கலாம், முடித்தபின் நிபுணராகவே வந்து சேரலாம் என்பதுதான் அது. ‘பெரி திட்டம்’ என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு, கட்டாய ஆள்சேர்ப்பு 1973-இல் நிற்கும்வரை நடந்தது. கட்டாயம் நின்றால் மருத்துவர் வரத்தும் நின்றுவிடும் என்று முன்கூட்டியே அஞ்சித்தான் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகத்தையும், பிற கல்லூரிகளில் படிப்போருக்கான உதவித்தொகைத் திட்டத்தையும் ஒருசேரக் கொண்டுவந்தது. இன்றும் அமெரிக்கப் படை மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்த உதவித்தொகை வழியாக வருபவர்களே.

கட்டாயம் இன்றும் இருக்கும் நாட்டில் என்ன நடக்கிறது என்பதற்குத் தென்கொரியா நல்ல சான்று. அங்கே தரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேரும் இளைஞர் 18 மாதங்களில் வீடு திரும்பிவிடலாம். அதே இளைஞர் மருத்துவராகப் படைக்கோ, கிராமப்புறப் பொதுச் சுகாதாரப் பணிக்கோ போனால் மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதனால் மருத்துவ மாணவர்கள் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சிப்பாயாகவே சேர்ந்து கடமையை முடித்துக்கொள்வது பெருகியிருக்கிறது. துப்பாக்கி ஏந்திக் காவல் நிற்கும் அந்த இளைஞரால் படைக்குச் சிப்பாய் கிடைத்தார், மருத்துவர் கிடைக்கவில்லை. இதில் அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரட்டிப்புச் சுமையைச் சுமக்கச் சொல்லும் விதியில்தான் பிழை இருக்கிறது.

ஆபத்துக்கு அஞ்சித்தானே மருத்துவர்கள் படையைவிட்டு விலகுகிறார்கள்? – கல்லூரி மாணவர் ஒருவர்

இல்லை. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொள்கை வகுப்பவர்களும் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

என் இளவயதில், உயரமான பனிமலை முகாம் ஒன்றில் நான் மட்டுமே மருத்துவராக இருந்தேன். ஒருநாள் நள்ளிரவில் ஒரு சிப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் அது. உடனடியாகக் கீழே இறக்க வேண்டும், ஆனால் பனிப்புயலில் ஹெலிகாப்டர் வர வழியில்லை. ஆக்சிஜன் கொடுத்து, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய அழுத்தப் பைக்குள் அவரைப் படுக்கவைத்து மூடினோம். காலால் மிதித்துக் காற்றடித்துக்கொண்டே இருந்தால் பைக்குள் அழுத்தம் கூடி, பல ஆயிரம் அடி கீழே இறக்கியதற்குச் சமமாகும். மிதிப்பதை நிறுத்தினால் உள்ளிருப்பவர் விட்ட மூச்சே அவருக்கு நஞ்சாகும். நானும் மருத்துவ உதவியாளரும் மாற்றி மாற்றி விடியும்வரை மிதித்தோம். பையின் சிறிய கண்ணாடிச் சாளரத்துக்கு டார்ச் அடித்து, அவர் உதட்டின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் அந்த நீலம் வெளிறத் தொடங்கியது. அந்த முகாமைவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என்னோடு பணியாற்றிய பலரும் இத்தகைய இடங்களில் இருந்தபோது விலகல் கடிதம் எழுதவில்லை.

கடிதம் எழுதியது எங்கே தெரியுமா? அமைதியான ஊரில், வசதியான குடியிருப்பில், வேலையே இல்லாத மருத்துவமனையில். என் நெருங்கிய நண்பர் ஒருவர் கைதேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர். ஒருநாள் தம் அறுவை சிகிச்சைப் பதிவேட்டை என் முன்னே திறந்து வைத்தார். ஓராண்டுக்கான பக்கங்களில் குடலிறக்கம், குடல்வால், கட்டி கீறல் என்று சில வரிகள்; மீதி வெற்றுக் கட்டங்கள். “என் கை எனக்கே அந்நியமாகிக்கொண்டிருக்கிறது” என்றார். அடுத்த ஆண்டு அவர் வெளியேறினார். காரணம் வெளிப்படையானது. படையினர் பெரும்பாலும் இளைஞர்கள், உடல்தகுதி பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களுக்கு மட்டுமே மருத்துவம் பார்க்கும் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணருக்கும் தீவிர சிகிச்சை நிபுணருக்கும் போதிய நோயாளிகள் எங்கிருந்து வருவார்கள்? போரில் குண்டடி பட்ட வயிற்றைத் திறக்க வேண்டியவர், அமைதிக் காலத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டும் உடல்தகுதிச் சான்றிதழ்களில் கையெழுத்திட்டுக்கொண்டும் இருக்கிறார்.

போரின் இறுதியில் படை மருத்துவம் எட்டியிருக்கும் தேர்ச்சி அடுத்த போர் தொடங்குவதற்குள் சரிந்துவிடுவதை, பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் அலஸ்டேர் வாக்கரின் பெயரால் ‘வாக்கர் சரிவு’ என்று குறிப்பிடுகிறார்கள். அந்தச் சரிவை அறிவு மறந்துபோவதாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். அதில் ஆட்கள் வெளியேறுவதும் அடங்கும் என்பது என் கருத்து. தேர்ச்சியின் மீது பற்று அதிகமுள்ளவரே முதலில் கிளம்புகிறார், ஏனென்றால் அதை இழப்பதை அவரால்தான் தாங்க முடிவதில்லை.

இதற்கு மருந்து உண்டு. ஜெர்மனியில் கோப்ளென்ஸ், உல்ம், பெர்லின், ஹாம்பர்க், வெஸ்டர்ஷ்டேடே ஆகிய ஐந்து இடங்களில் உள்ள படை மருத்துவமனைகள் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. சாலை விபத்தில் சிக்கியவரும் அங்கே வருகிறார். அமெரிக்கத் தரைப்படை தன் அறுவை சிகிச்சைக் குழுக்களை மியாமியில் உள்ள ரைடர் விபத்து சிகிச்சை மையத்துக்கும், விமானப்படை பால்டிமோரின் விபத்து சிகிச்சை மையத்துக்கும் அனுப்பிப் பழக்குகின்றன. பெருநகர மையங்களில் ஓர் இரவில் வரும் குத்துக்காயங்களையும் துப்பாக்கிக் காயங்களையும், அமைதியான படைமுகாமில் பல மாதங்கள் காத்திருந்தாலும் பார்க்க முடியாது. பிரிட்டன் இன்னும் தீவிரமான வழியில் போனது. 1990-களில் தொடங்கித் தன் படை மருத்துவமனைகளை மூடியது. 1753 முதல் நோயாளிகளைப் பார்த்துவந்த ஹாஸ்லர் மருத்துவமனையிலிருந்தும் 2007-இல் படை விலகிக்கொண்டது. அங்குள்ள படை மருத்துவர்கள் இப்போது பொது மருத்துவமனைகளுக்குள்ளேயே, பர்மிங்ஹாம் போன்ற இடங்களில், பிற மருத்துவர்களோடு சேர்ந்து பணியாற்றுகிறார்கள். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பக்கத்து அறையில் இருப்பவர் இடமாறுதல் இல்லாமல், சீருடை இல்லாமல், அதே வேலையைச் செய்துகொண்டு சொந்த வீட்டில் வாழ்வதை நாள்தோறும் பார்க்கவும் நேர்கிறது. இந்த மருந்துக்கு அப்படி ஒரு பக்கவிளைவு இருந்தாலும், வெறும் கட்டங்களோடு கிடக்கும் பதிவேட்டைவிட இதுவே மேல் என்று நான் நினைக்கிறேன்.

இடமாறுதலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த உத்தரவு, திருமணமாகாத இளைஞருக்கு ஊர் சுற்றும் வாய்ப்பு. நாற்பது வயதில், பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை, வேலையில் இருக்கும் வாழ்க்கைத்துணை, முதிய பெற்றோர் என்று ஆனபின் அதே உத்தரவு குடும்பத்தை இரண்டாகப் பிளக்கிறது. மருத்துவரின் துணை பெரும்பாலும் மருத்துவராகவே இருக்கிறார். ஒரே ஊரில் நிலைத்திருந்தால்தான் அவருக்கும் நோயாளிகள் சேர்வார்கள். இதைச் சரிசெய்யப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பிள்ளையின் பொதுத்தேர்வு ஆண்டில் மாற்றாமல் இருப்பதும், மாறுதலை ஆறு மாதம் முன்னதாகத் தெரிவிப்பதும், எல்லாரும் விரும்பும் ஊருக்கும் எவரும் விரும்பாத ஊருக்கும் முறைவைத்து வெளிப்படையாக அனுப்புவதும் போதும். என் காலத்தில் ஒரு மாறுதல் உத்தரவு எனக்குக் கிடைத்தபோது, புதிய இடத்தில் சேர வேண்டிய நாளுக்குப் பதினோரு நாட்களே இருந்தன. என் மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் பெட்டி கட்டத் தொடங்கினார். அந்த மௌனம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

தனியார் மருத்துவமனை தரும் சம்பளத்தைப் படையும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா? – வங்கி ஊழியர் ஒருவர்

ஓரளவுக்குச் சரியாகும், முழுவதும் ஆகாது. மயக்கவியல், எலும்பு முறிவு, கதிரியக்கவியல் போன்ற துறைகளில் வெளியே கிடைக்கும் வருமானத்துக்கும் படைச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி பெரிது. படையில் சம்பளம் பதவிநிலையைப் பார்த்துத் தரப்படுவது. சந்தையோ துறையைப் பார்த்துத் தருகிறது. அதனால்தான் அமெரிக்கா நிபுணத்துவத்துக்கேற்ப வேறுபடும் சிறப்பூதியத்தையும், மேலும் சில ஆண்டுகள் இருப்பதாக ஒப்புக்கொள்பவர்களுக்குத் தக்கவைப்புத் தொகையையும் தருகிறது. இந்தியாவில் தனியாகத் தொழில் செய்யாமைக்கான படி என்று ஒன்று உண்டு.

ஆனால் பணம் எந்த வயதில் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்கப் படையில் ஓய்வூதியம் 20 ஆண்டுகள் முடித்தவர்க்கே முழுமையாகக் கிடைக்கும். பெதஸ்டாவில் படித்து, படையிலேயே பயிற்சியும் பெற்று, ஏழாண்டுக் கடமையை முடிப்பவருக்கு ஓய்வூதியக் கணக்கில் ஏற்கெனவே பன்னிரண்டு ஆண்டுகள் போல் கழிந்திருக்கும்; படிப்பின் நான்கு ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. இன்னும் எட்டே ஆண்டுகள் என்ற எண்ணம் அவரை நிறுத்திவைக்கிறது. குறுகிய காலக் கடமையோடு வந்தவரோ ஏழெட்டு ஆண்டுகளில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, மீதி மிக நீளம் என்று கிளம்பிவிடுகிறார். இந்தியாவின் குறுகிய காலப் பணித் திட்டத்தில் நேரடியாகச் சேரும் மருத்துவர் முதலில் 5 ஆண்டுகளும், விரும்பினால் இரண்டு தவணைகளில் மேலும் 9 ஆண்டுகளும் பணியாற்றலாம். அப்படிப் பதினான்கு ஆண்டுகள் முடித்து நாற்பதைத் தாண்டி வெளியே வருபவர், தம் துறையில் இளையவர்களோடு புதிதாகப் போட்டியிட வேண்டியிருக்கிறது. அந்த வயதில் அவர் கையில் கிடைக்கும் பாதுகாப்பு என்ன என்பதைச் சேரும் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தளபதியின் கட்டளைக்கும் நோயாளியின் நலனுக்கும் இடையில் சிக்குவதால் மருத்துவர்கள் மனம் வெறுத்து விலகுவது உண்டா? – செவிலியர் ஒருவர்

உண்டு, ஆனால் வெளியில் நினைப்பதைவிடக் குறைவு. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, காயம்பட்டவர் எந்தத் தரப்பினராக இருந்தாலும் மருத்துவத் தேவையின் அவசரத்தை மட்டுமே பார்த்து முன்னுரிமை தர வேண்டும் என்று சொல்கிறது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை அளித்தார். அப்படிப்பட்டவரைத்தான் தாம் அறிந்தவர்களுள் மிக நற்பண்பு மிக்கவர் என்று நெப்போலியன் தம் உயிலில் எழுதி, ஒரு லட்சம் பிராங்குகளையும் விட்டுச் சென்றார். நல்ல தளபதிகள் மருத்துவரின் தீர்ப்பை மதிக்கிறார்கள். சிக்கல் வருவது சிறிய இடங்களில்தான்: ஓய்வு தேவைப்படும் சிப்பாயைப் பயிற்சிக்குத் தகுதியானவர் என்று எழுதித்தரும்படி வரும் மெல்லிய வற்புறுத்தல் போன்றவை. இளம் மருத்துவர் மறுக்கும்போது மூத்த மருத்துவ அதிகாரி அவர் பக்கம் நிற்க வேண்டும். அப்படி நின்றவர்களின் கீழ் பணியாற்றியவர்கள் நீண்டகாலம் தங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் படையில் பணியாற்றும் அறுவை சிகிச்சை மருத்துவர். என் பணிக்காலம் அடுத்த ஆண்டு முடிகிறது. நீட்டிப்பதா, விலகுவதா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன். – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

டாக்டர், உங்களுக்காக நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் நான் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதால், எனக்கு அன்று எவரும் சொல்லாததைச் சொல்கிறேன். கடைசி இரண்டு ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, நீங்களே முதன்மையாகச் செய்த பெரிய அறுவை சிகிச்சைகளை எண்ணுங்கள். அடுத்து எங்கே அனுப்பப்போகிறார்கள், அங்கே விபத்து நோயாளிகள் வரும் பொது மருத்துவமனையோடு தொடர்பு உண்டா, வாரத்தில் இரண்டு நாள் அங்கே பணியாற்ற அனுமதி கிடைக்குமா என்று உங்கள் துறையின் மூத்த ஆலோசகரிடம் நேரில் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், நல்ல மருத்துவரை இழக்க விரும்பாத மூத்தவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பார். மேற்படிப்பு உங்கள் கனவாக இருந்தால், அதற்கான இடமும் ஆண்டும் எழுத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். வாய்வழி உறுதி அளித்தவர் அடுத்த ஆண்டு மாறுதலில் போய்விடக்கூடும்.

உங்கள் கடிதத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீட்டிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், அதில் சொல்லியிருக்கும் ஆண்டுகளை உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் பக்கத்தில் எழுதி, வாழ்க்கைத்துணையோடு உட்கார்ந்து பாருங்கள். விலகுவது என்றே முடிவானாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். பல நாடுகளில் விலகிய மருத்துவர்கள், தேவைப்படும்போது அழைக்கப்படும் சேமப்படையில் பெயர் பதிந்து ஆண்டில் சில வாரங்கள் பணியாற்றுகிறார்கள். உங்கள் நாட்டின் விதி அதற்கு இடம் கொடுத்தால், விலகும் நாளிலேயே அந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுங்கள்.